இட்லி மாவும் ரப்பர் பேண்டும்: ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியரிடம் சில கேள்விகள்

கேள்வி: ஐயா, ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். பள்ளியில் ஆய்வகம் கிடையாது. அறிவியல் முறையைப் பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வேறு எப்படித் தொடங்கலாம்?

பதில்: இட்லி மாவில் தொடங்குங்கள். "கையால் கரைத்தால்தான் மாவு பொங்கும்" என்று பல வீடுகளில் சொல்வார்கள். அதையே கேள்வியாக்குங்கள். உப்புப் போட்ட ஒரே மாவு, ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர், இரண்டிலும் பாதியளவு. ஒன்றைக் கழுவிய கரண்டியால் கலக்கட்டும், மற்றதைக் கையால். மாவு நிற்கும் இடத்தில் ரப்பர் பேண்ட் மாட்டி, இரண்டையும் ஒரே மூலையில் வைத்துவிட்டுப் படுக்கட்டும். காலையில் பேண்டுக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர் என்று ஸ்கேலால் அளந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: கிரைண்டரிலிருந்து மாவைக் கையால் வழித்தால் சோதனை அங்கேயே கெட்டுப்போகும்!

எது அதிகம் பொங்கும் என்பதை இரவே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காலையில் வகுப்பே "நான் அப்பவே நினைச்சேன் சார்" என்று சொல்லும்.

கேள்வி: என் மகள் இதைச் செய்து பார்த்தாள். கையால் கரைத்தது அரை சென்டிமீட்டர் கூடுதலாகப் பொங்கியது. அப்போ பாட்டி சொன்னது சரிதானே?

பதில்: ஒரு இரவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் அம்மா. இன்னும் நாலைந்து தடவை பார்க்கட்டும். கரண்டி மாவும் பொங்கியதல்லவா? புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்திலும் அரிசியிலுமே இருக்கின்றன. கை கூடுதலாக எதையாவது சேர்க்கிறதா, அல்லது கை நன்றாகக் கலக்குகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. மூன்றாவது டம்ளரைப் புதுக் கையுறை போட்டுக் கரைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இடம் இல்லாததால் ஒரு டம்ளரை அடுப்புப் பக்கத்திலும் இன்னொன்றை ஜன்னலிலும் வைத்தேன். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது தம்பி. பொங்கியது கையாலா சூட்டாலா என்று யாருக்குத் தெரியும்? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

கேள்வி: பிள்ளைகள் தவறான முடிவோடு வந்தால் மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதில்: தவறு என்று முடிவுகட்டும் முன் தான்சானியா மாணவர் எராஸ்டோ எம்பெம்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1963-இல் ஐஸ்கிரீம் செய்யும்போது, சூடாக வைத்த பால் கலவை ஆறவைத்ததற்கு முன்பே உறைந்ததைப் பார்த்தார். ஆசிரியர் நம்பவில்லை, கேலிதான் கிடைத்தது. பிறகு பள்ளிக்கு வந்த இயற்பியலாளர் டெனிஸ் ஆஸ்போர்னிடம் அதையே கேட்டார். அவர் சோதித்துப் பார்த்தார், 1969-இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். அது உண்மையிலேயே நடக்கிறதா, ஏன் என்று இன்னமும் வாதாடுகிறார்கள்.

அதனால் நான் விடைக்கு மதிப்பெண் போடுவதில்லை, நோட்டுக்குத்தான். ஒரு பையன் "மூன்றாம் நாள்: பூனை தட்டிவிட்டது. அளவு இல்லை" என்று எழுதியிருந்தான். பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து ஓர் எண்ணை நிரப்பியிருக்கலாம், செய்யவில்லை. அவனுக்குப் பத்துக்குப் பத்து.