நகலெடுத்து முடிந்தது என்று கணினி சொன்னால் நம்பலாமா?

கேள்வி: லினக்ஸ் கணினியிலிருந்து 700 எம்பி அளவுள்ள காணொளி ஒன்றைப் பென் டிரைவுக்கு நகலெடுத்தேன். சில நொடிகளிலேயே வேலை முடிந்ததாகத் திரை காட்டியது. ஆனால், டிரைவைக் கழற்ற முற்பட்டபோது, தரவு இன்னும் எழுதப்படுகிறது என்று சொல்லி ஒரு நிமிடத்துக்கு மேல் காக்க வைத்தது. அப்படியானால் முதலில் சொன்னது பொய்யா?

பதில்: பொய் என்று சொல்ல முடியாது; ஆனால் தாங்கள் எடுத்துக்கொண்ட பொருளில் அது உண்மையும் இல்லை. ஒரு செயலி கோப்பில் எழுதச் சொல்லும்போது, இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்தத் தரவை ரேமில் 'பேஜ் கேச்' எனப்படும் இடத்தில், பெரும்பாலான கணினிகளில் 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் படியெடுத்து வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததாக உடனே பதில் தந்துவிடுகிறது. வட்டில் (இங்கே தங்கள் பென் டிரைவில்) உள்ளதோடு ஒத்துப்போகாத இந்தப் பக்கங்களை 'டர்ட்டி' பக்கங்கள் என்பார்கள். கோப்பின் ஆகப் புதிய வடிவம் அவற்றில்தான் இருக்கிறது என்பதால், அழுக்கு என்ற இந்தப் பெயர் எனக்குச் சற்று அநியாயமாகவே படும்.

தாமதிப்பதில் ஆதாயம் உண்டு. ஒரே பக்கம் அடுத்தடுத்து நூறு முறை மாற்றப்பட்டாலும் வட்டில் ஒரு முறை எழுதினால் போதும். உருவாகிச் சில நொடிகளில் அழிக்கப்படும் தற்காலிகக் கோப்பின் உள்ளடக்கம் வட்டைத் தொடாமலேயே மறைந்துவிடவும் கூடும். தங்கள் காணொளி ரேமுக்குப் போய்ச் சேரச் சில நொடிகள் போதுமாக இருந்தன. நொடிக்கு 10 எம்பி மட்டுமே வாங்கும் பென் டிரைவாக இருந்தால், அதே 700 எம்பி உண்மையில் எழுதப்பட 70 நொடி ஆகும்.

கேள்வி: அப்படியானால் அந்தப் பக்கங்கள் எப்போதுதான் வட்டுக்குப் போகும்?

பதில்: இதைக் காலமும் அளவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. லினக்ஸின் இயல்பான அமைப்பில், இதற்கென உள்ள பின்னணிப் பணியாள் 5 நொடிக்கு ஒரு முறை விழித்து, மாற்றப்பட்டு 30 நொடிக்கு மேலான தரவைத் தேடி எழுதுகிறது. அதற்கு முன்பே டர்ட்டி பக்கங்கள், பயன்படுத்தக் கிடைக்கும் நினைவகத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டினால், வயது பார்க்காமல் எழுதத் தொடங்கிவிடும். 20 விழுக்காடு என்பது மேல் எல்லை. அதை நெருங்க நெருங்க, எழுதிக்கொண்டே இருக்கும் செயலியைக் கெர்னல் இடையிடையே உறங்கவைத்து வேகத்தைக் குறைக்கிறது. பெரிய கோப்பை நகலெடுக்கும்போது தொடக்கத்தில் பாய்ந்து ஓடும், முன்னேற்றத்தைக் காட்டும் பட்டை பாதியில் தவழத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பழைய யுனிக்ஸ் இயங்குதளத்தில் 'அப்டேட்' என்ற சிறு நிரல் 30 நொடிக்கு ஒரு முறை எல்லாவற்றையும் வட்டுக்குத் தள்ளியது. லினக்ஸ் 2.6இல் இந்த வேலையை 'பிடிஃப்ளஷ்' இழைகள் (கெர்னலுக்குள் பின்னணியில் ஓடும் பணிகள்) செய்தன. ஆனால் அவை எல்லா வட்டுகளுக்கும் பொதுவானவை என்பதால், ஒன்றின் நெரிசல் மற்றவற்றையும் பாதிக்க இடமிருந்தது. 2009 டிசம்பரில் வந்த 2.6.32 பதிப்பில், கெர்னல் நிரலாளர் யென்ஸ் ஆக்ஸ்போவின் மாற்றத்தால், ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி இழை வந்தது.

கேள்வி: நான் கோப்பைச் சேமித்த மறுநொடியே மின்சாரம் போனால் என்ன ஆகும்?

பதில்: செயலி வேறு எதுவும் செய்யவில்லையென்றால், ரேமில் மட்டும் இருந்த மாற்றங்கள் போய்விடும். இதைத் தவிர்க்க நினைக்கும் செயலி, 'எஃப்சிங்க்' என்ற அழைப்பின் மூலம், அந்தக் கோப்பின் பக்கங்கள் எழுதப்படும் வரை காத்திருக்கிறது. வட்டுக்குள்ளேயும் ஒரு தற்காலிக நினைவகம் இருப்பதால், அதையும் காலி செய்யுமாறு கெர்னல் வட்டுக்குக் கட்டளை அனுப்பும். புதிதாக உருவாக்கிய கோப்பு என்றால், அது இருக்கும் கோப்புறைக்கும் தனியே எஃப்சிங்க் செய்வதுதான் பாதுகாப்பு. நிரலாளர்கள் பலர் மறப்பது இதைத்தான்.

எஃப்சிங்க் தோல்வி அடைந்தால் மீண்டும் ஒரு முறை அழைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோரும் நெடுங்காலம் அப்படித்தான் கருதியிருந்தார்கள். ஆனால், எழுதுவதில் பிழை நேர்ந்த பக்கங்களைக் கூட லினக்ஸில் கோப்புகளை வட்டில் ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமைகள் 'எழுதப்பட்டவை' என்றே குறித்துவிடுவதால், முதல் அழைப்பு பிழையைச் சொன்ன பிறகு இரண்டாவது அழைப்பு வெற்றி என்று சொல்லிவிடும். தரவோ வட்டில் இராது. 2018இல் இது வெளிச்சத்துக்கு வந்து பெரும் விவாதமானது. 2019 பிப்ரவரியில் வந்த போஸ்ட்கிரெஸ் பதிப்புகளிலிருந்து, எஃப்சிங்க் ஒரு முறை தோற்றாலே தரவுத்தளம் தன்னை நிறுத்திக்கொண்டு, முன்கூட்டியே எழுதி வைத்த பதிவேட்டைக் கொண்டு தரவை மீட்டுக்கொள்கிறது.