அட்டையில் ஒரு மலை ரயில் நிலையம்: பொம்மைத் தோற்றம் போக என்ன வழி?

கேள்வி: நீலகிரி மலை ரயிலை மனதில் வைத்து, எச்.ஓ. அளவில் (உண்மையில் 87-இல் ஒரு பங்கு), 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில், ஆறடிக்கு மூன்றடி மேஜை ஒன்றில் மாடல் ரயில் பாதை அமைத்து வருகிறேன். கடையில் கிடைக்கும் கட்டடத் தொகுப்புகள் எல்லாம் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து வீடுகளாகவே இருக்கின்றன. அதனால் ஓடு வேய்ந்த சிறிய நிலையம் ஒன்றை அட்டையில் நானே செய்தேன். நீள அகலம் எல்லாம் சரியாக இருந்தும் பொம்மை வீடு போலத்தான் தெரிகிறது. மழைக்காலத்தில் சுவரும் வளைந்துவிட்டது. எங்கே தவறினேன்? அட்டையை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாற வேண்டுமா?
– வாசகர், கோவை

பதில்: அட்டையை விடாதீர்கள். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பெண்டன் என்றொரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட ராய் இங்லண்ட் என்பவர் 1954-இல் தொடங்கியது. 1930-களின் கிராமப்புறத்தை 1:76 அளவில் அங்கே எழுப்பியிருக்கிறார்கள். அந்த வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் அட்டைதான். செங்கல்லையும் கல்லையும் ஒவ்வொன்றாகக் கீறி, நீர்வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக அவை நிமிர்ந்து நிற்கின்றன. ஆகவே உங்கள் சுவர் வளைந்ததற்கு அட்டையைக் குறை சொல்ல முடியாது.

நீளமும் அகலமும் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். தடிமனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதல் கட்டடம் செய்யும் பெரும்பாலோர் தவறுவது அங்கேதான். சுவர், ஒரே அட்டையின் தடிமனில் முடிந்துவிடுகிறது. கூரையோ, அதே அட்டையில் வெட்டியதால் விளிம்பில் கனத்துத் தெரிகிறது. உண்மைக் கட்டடத்தில் இது நேர்மாறு: சுவர் கனம், ஓடு மெலிது. நம் கண் அதைப் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியிருக்கிறது. என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பொம்மை என்று உடனே கண்டுகொள்கிறது.

எச்.ஓ. அளவில் ஓர் அடி என்பது 3.5 மில்லிமீட்டர். பழைய ரயில்வே கட்டடங்கள் அடிக்கணக்கில் கட்டப்பட்டவை என்பதால் இந்த ஒரு கணக்கு போதும். 87-ஆல் வகுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஏழடிக் கதவு 24.5 மில்லிமீட்டர். கொத்தனார்கள் ஒன்றரைச் செங்கல் சுவர் என்று சொல்லும் பதின்மூன்றரை அங்குலச் சுவர் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். உங்கள் மாடலின் சன்னலை ஓரக்கண்ணால் பாருங்கள். அங்கே 4 மில்லிமீட்டர் ஆழம் தெரிகிறதா?

அடுத்த முறை மலைக்குப் போகும்போது நிலைய மேலாளரிடம் சொல்லிவிட்டு, அளவு நாடாவால் மூன்றே மூன்றை அளந்து வாருங்கள்: கதவின் உயரம், சன்னலில் தெரியும் சுவரின் முழுத் தடிமன், வெளிச் சுவரிலிருந்து மரநிலை எத்தனை அங்குலம் உள்ளே பதிந்திருக்கிறது என்பது. மற்ற அளவுகளையெல்லாம் நேருக்கு நேர் நின்று எடுத்த புகைப்படத்தில், கதவின் உயரத்தை அளவுகோலாக வைத்து எடுத்துவிடலாம். மேஜையில் இடம் போதாவிட்டால் ஓர் அறையையோ இரண்டு சன்னலையோ விட்டுவிட்டுக் கட்டடத்தின் நீளத்தைக் குறையுங்கள். கதவையும் சன்னலையும் மட்டும் சுருக்காதீர்கள். பக்கத்தில் 19 மில்லிமீட்டர் மனிதன் ஒருவன் நிற்கப்போகிறான், அவன் காட்டிக்கொடுத்துவிடுவான்.

சுவரை மூன்று அடுக்காகச் செய்யுங்கள். புத்தகம் பைண்டிங் செய்பவர்களிடம் கிடைக்கும் கெட்டி அட்டையே நல்லது. வெளி அடுக்கு ஒன்றரை மில்லிமீட்டர். மரநிலை அரைச் செங்கல் அளவு, அதாவது நாலரை அங்குலம், உள்ளே இருக்கும் சுவருக்கு அது பொருந்தும். சன்னல் துளையை இதில் துல்லியமாக வெட்ட வேண்டும். நடுவில், கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய சன்னல் சட்டமும் அதன் பின்னால் கண்ணாடிக்காக ஓ.எச்.பி. ஷீட் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளும். உள் அடுக்கு 2 மில்லிமீட்டர். இதில் துளையை எல்லாப் பக்கமும் 2 மில்லிமீட்டர் பெரிதாக வெட்டினால் சட்டத்தை ஒட்ட இடம் கிடைக்கும். மூன்றும் சேர்ந்தால் 4 மில்லிமீட்டருக்கு அருகில் வந்துவிடும். சன்னல் மேல் விளிம்பின் நிழல் தானாக விழும். அதை வண்ணத்தால் வரைய வேண்டியதில்லை.

கண்ணாடியை ஒட்ட உடனடிப் பசையைத் தொடாதீர்கள். அதன் ஆவி பட்டால் ஷீட்டில் வெள்ளைப் படலம் படிந்துவிடும். ஒரு நிலையத்தின் எட்டுச் சன்னல்களை நான் இப்படி ஒரே இரவில் இழந்திருக்கிறேன். சுவரை மூடியபின் அவற்றை மாற்றவும் வழியில்லை. ஃபெவிகாலை ஊசிமுனையால் தொட்டு வைத்தால் போதும்.

இனி வளைவு. அட்டையின் ஒரு பக்கம் மட்டும் காகிதம் ஒட்டினாலோ வண்ணம் அடித்தாலோ, அது ஈரம் உலரும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். வெளியே என்ன ஒட்டினாலும் உள்ளேயும் அதே கனத்தில் ஒட்டுங்கள். பசையை மெலிதாகத் தடவி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். பிறகு மரத்துக்குப் பாலிஷ் போடும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, வெட்டிய விளிம்புகள் உட்பட எல்லாப் பக்கமும் இரண்டு முறை பூசுங்கள். அட்டை ஈரத்தை உறிஞ்சுவது முக்கியமாக அந்த விளிம்புகள் வழியாகத்தான். இந்த வேலையைச் சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு எரியாத அறையில் செய்யுங்கள்.

கூரைக்கு வருவோம். என்னைக் கேட்டால், மொத்த உழைப்பில் பாதியை இதற்கு ஒதுக்க வேண்டும். மேஜை மேல் உள்ள மாடலை நாம் மேலிருந்துதானே பார்க்கிறோம்!

மங்களூர் ஓட்டின் விளிம்பு ஏறத்தாழ விரல் தடிமன். 87 மடங்கு சுருக்கினால் அது ஒரு கெட்டியான காகிதம். ஆகவே காகிதத்திலேயே செய்யுங்கள். கூரைக்கு அடித்தளமாக 1 மில்லிமீட்டர் அட்டையை வைத்து, இறவாரத்துக்கு 3 மில்லிமீட்டர் முன்பாகவே அதை நிறுத்திவிடுங்கள். அதற்கு வெளியே நீள்வது காகிதம் மட்டும்தான். அதன் அடியில் கைமரங்களின் நுனி, 1 மில்லிமீட்டர் குச்சிகளாக.

ஓடு ஒன்றின் வெளியே தெரியும் அகலம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், அடுத்த ஓடு மூடியதுபோக எஞ்சும் நீளம் ஏறத்தாழ 32. நமக்கு இவை 2.3, 3.7 மில்லிமீட்டர். கெட்டி வரைதாளில் 2.3 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு வீதம் மங்கலாக அச்சிட்டு, நாலாக மடித்த செய்தித்தாள் மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கீறுங்கள். தாளைத் திருப்பினால் வரிவரியாகப் புடைத்திருக்கும். கோடுகளுக்குக் குறுக்காக 5 மில்லிமீட்டர் பட்டைகளாக நறுக்குங்கள். இறவாரத்தில் தொடங்கி மேல்நோக்கி, ஒவ்வொரு பட்டையும் கீழ்ப் பட்டையை மூடும்படி, 3.7 மில்லிமீட்டர் வெளியே தெரிய ஒட்டிக்கொண்டே போங்கள். உண்மையில் ஓடு வேய்வதும் அப்படித்தான். பதினாலடி அகலக் கட்டடத்துக்குப் பக்கத்துக்குப் பத்து வரிசை வரும். இரண்டு மாலைப் பொழுது போதும்.

ஒட்டும்போது நூல் பிடித்ததுபோல் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். அங்கங்கே ஓர் ஓட்டின் கீழ் மூலையைக் கத்திமுனையால் சற்றே நிமிர்த்துங்கள். ஒன்றிரண்டை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது ஓட்டின் நிறத்தில் வேறொன்றை வையுங்கள். முகட்டு ஓடுகளைப் பல்குத்தியில் சுற்றிய காகிதத்தில் செய்து, இரு பக்கமும் அடியில் மெல்லிய சாம்பல் கோடு விடுங்கள். முகட்டைக் கலவை வைத்துப் பூசிய தடம் அது. அந்தக் கோடு விழுந்ததும் கூரையின் முகமே மாறிவிடும்.

வண்ணத்தைப் புட்டியிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். மூன்றடி தள்ளி நின்று பார்க்கும் எச்.ஓ. மாடல், உண்மையில் 260 அடி தொலைவில் நிற்கும் கட்டடத்துக்குச் சமம். அத்தனை தொலைவில் எந்தச் சிவப்பும் முழுச் சிவப்பாகத் தெரியாது. ஓட்டுச் சிவப்பில் கொஞ்சம் சாம்பலும் வெள்ளையும் கலந்து, மினுமினுப்பில்லாத பூச்சாக அடியுங்கள். மேஜை மேல் எரியும் விளக்கின் அடியிலேயே நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அழுக்குக்கும் இடம் பொருள் உண்டு. கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. நீராவி எஞ்சின் மூச்சிரைத்து ஏறும் பகுதி. வழியில் தண்ணீர் பிடிக்க நிற்கும் ஹில்குரோவ் போன்ற நிலையம் என்றால், தண்டவாளத்தைப் பார்த்த இறவாரத்தில் கரித்தூளை உலர் தூரிகையால் தேய்த்து ஏற்றுங்கள். பின்பக்கத்துக்கு அது வேண்டாம். மலைக் கட்டடம் எதுவானாலும் சுவரின் அடியில் ஓரடி உயரம், நம் கணக்கில் 3.5 மில்லிமீட்டர், மழைநீர் தெறித்த செம்மண் தடமும் அதற்கு மேல் லேசான பாசியும் இருக்கும். வெயில் படாத பக்கத்து ஓட்டில் பாசி சற்று அதிகம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடைமேடைக் கூரையின் தூண்களுக்குத் தென்னை ஈர்க்கின் நடுப்பகுதி போதும், 1.2 மில்லிமீட்டர் இருக்கும் துண்டாகத் தேர்ந்தெடுங்கள். பெயர்ப்பலகை மஞ்சளில் கறுப்பெழுத்து, மூன்று மொழிகள், கீழே கடல்மட்ட உயரம்: உங்கள் புகைப்படத்தையே நேராக்கிச் சுருக்கி அச்சிடுங்கள். பெஞ்சு, விளக்கு போலத் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு முப்பரிமாண அச்சு உதவும். சுவருக்கும் கூரைக்கும் வேண்டாம் என்பேன், கைவேலையில் வரும் சின்னச் சின்ன வேறுபாடு அதில் வராது.

கட்டடத்தை மேஜையில் வைக்கும்போது, முடித்த தரைமேல் தூக்கி வைத்துவிடாதீர்கள். சுவருக்கடியில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் இத்தனை உழைப்பும் வீண். அடித்தளத்தை 3 மில்லிமீட்டர் அட்டையில் தனியாகச் செய்து முதலில் மேஜையில் ஒட்டுங்கள். அதைச் சுற்றி மண்ணையும் புல்லையும் விளிம்பு மூடும்வரை ஏற்றுங்கள். கட்டடம் அந்த அடித்தளத்தில் இறுக்கமாக உட்காரட்டும், ஒட்ட வேண்டாம். உள்ளே எல்.இ.டி. விளக்கு பழுதானால் அப்படியே தூக்கி எடுத்துவிடலாம்.