நர்சிங் சீட்டுக்கு முன்பணம் கட்டும் முன்: எல்லையோர வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், கேரள-தமிழ்நாட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்து வீடுகளில் ஒரே குழப்பம்தான். பாலக்காடு பக்கம் போவதா, பொள்ளாச்சி, கோவை பக்கம் போவதா? நர்சிங் ஆசிரியையாக இருந்ததால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டீச்சர், கோவை பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு வருடக் கட்டணம் சொன்னார்கள். அதை நாலால் பெருக்கிப் பணம் தயார் செய்தால் போதுமா?
*தென்னந்தோப்பு வேலை பார்க்கும் ஒரு தந்தை, வேலந்தாவளம்*

போதாதுங்க. உங்களிடம் சொன்னது படிப்புக் கட்டணம் மட்டுமாக இருக்கும். பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், யூனிஃபார்ம், ஷூ, புத்தகம், ரெக்கார்டு நோட்டு, லேப், கல்லூரி பஸ், ஹாஸ்டல், மெஸ், டெபாசிட் எல்லாம் தனித்தனியாக வரும். பலர் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று உண்டு, வெளியூர் போஸ்டிங். சின்னக் கல்லூரியின் மருத்துவமனையில் மனநலப் பிரிவு பெரும்பாலும் இருக்காது. அந்தப் பயிற்சிக்குப் பிள்ளைகளை வேறு ஊருக்கு அனுப்புவார்கள். போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு மட்டுமல்லாமல் சில இடங்களில் அந்த மருத்துவமனைக்குக் கட்டும் பணமும் உங்கள் தலையில் விழும்.

அதனால் ஒன்று செய்யுங்கள். நான்கு வருடத்துக்கும் வருடவாரியாக, எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் சீல் வைத்துக் கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்குகிற இடத்தில் பிள்ளையைச் சேர்க்க என் மனது ஒப்பாது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தடுக்க 1992 முதலே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ரசீது இல்லாவிட்டால் அந்தச் சட்டத்தாலும் உங்களுக்கு உதவ முடியாது.

40 சீட் மட்டும் உள்ள சின்னக் கல்லூரி. கட்டணம் குறைவு. சேர்க்கலாமா, பயமாக இருக்கிறது.
*ஒரு அம்மா, சித்தூர் தாலுகா*

சின்னது என்பதற்காகப் பயப்பட வேண்டாம். 40 பேர் வகுப்பில் ஆசிரியைக்கு ஒவ்வொரு பிள்ளையின் பேரும் தெரியும், யாருக்கு ஊசி போடக் கை நடுங்குகிறது என்பதும் தெரியும். பெரிய கல்லூரியில் இது கஷ்டம்.

நீங்கள் பார்க்க வேண்டியது கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் மருத்துவமனையை. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை மருத்துவமனை இருக்க வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற கணக்கும் வேண்டும். காகிதத்தில் எல்லாக் கல்லூரிக்கும் இது இருக்கும். ஒரு வார நாளில் காலை பத்து மணிக்கு நேரில் போங்கள். ஓ.பி.யில் கூட்டம் இருக்கிறதா, வார்டில் எத்தனை கட்டிலில் ஆள் படுத்திருக்கிறார்கள், பிரசவ வார்டு நடக்கிறதா என்று பாருங்கள். கேன்டீனில் ஒரு டீ குடித்துக்கொண்டே மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் "பிரசவம் எங்கேம்மா பார்த்தீங்க?" என்று கேளுங்கள். ஆய்வுக் குழு அறிக்கை சொல்லாததை அந்தப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

நான் ஆரம்பத்தில் வேலை செய்த ஒரு கல்லூரியில் நோயாளிகள் குறைவு. ஒரே அம்மாவின் ரத்த அழுத்தத்தை ஏழு பிள்ளைகள் வரிசையில் நின்று பார்ப்பார்கள். ஒருத்தி எழுதிய கேஸ் ரெக்கார்டை மற்றவர்கள் பெயர் மாற்றி எழுதுவார்கள், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் பாஸ் ஆனார்கள். ஆனால் முதல் வேலையில் ராத்திரி ட்யூட்டியில் தனியாக நின்றபோது என்ன பாடுபட்டார்கள் என்று பிறகு போன் பண்ணி அழுதார்கள். அது இன்னும் என் மனதை உறுத்துகிறது. கட்டணம் பத்தாயிரம் கூடுதலாக இருந்தாலும் கட்டில் நிறைந்த மருத்துவமனை உள்ள கல்லூரியையே எடுங்கள்.

நான் கேரளா அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தேன். தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்கில் கலந்துகொள்ளலாமா? புதுமைப்பெண் பணம் கிடைக்குமா?
*மாணவி, கொழிஞ்சாம்பாறை*

கண்ணு, தமிழ் மீடியம் வேறு, தமிழ்நாட்டு இருப்பிடம் வேறு. தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டுச் சீட்டுக்கு அந்த மாநிலத்தைச் சேர்ந்தவர் என்று காட்ட வேண்டும். நீயும் உன் அப்பா அம்மாவும் கேரளத்துக்காரர்கள் என்றால் உனக்கான வழி கேரள அரசின் எல்.பி.எஸ். சென்டர் நடத்தும் ஒதுக்கீடு. பி.எஸ்சி. நர்சிங்கோடு பாராமெடிக்கல் பட்டப்படிப்புகளுக்கும் அதன் வழியாகவே இடம் கொடுக்கிறார்கள். முதலில் அங்கே விண்ணப்பம் போடு.

தமிழ்நாட்டுச் சுயநிதிக் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்வதானால், வேறு மாநில போர்டில் படித்தவர் என்பதால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திடம் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். கேரளா போர்டின் மைக்ரேஷன் சர்டிபிகேட்டையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள். கடைசி வாரத்தில் அலைந்தால் சீட் கை நழுவிவிடும். புதுமைப்பெண் என்பது மேல்படிப்புக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தர 2022-இல் தொடங்கிய தமிழ்நாட்டு அரசுத் திட்டம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியத்திலோ 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கானது, அதனால் உனக்கு வராது.

மகள் காமர்ஸ் குரூப். நர்சிங் முடியாதா?
*பொள்ளாச்சி*

பி.எஸ்சி. நர்சிங் முடியாது, அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். ஆனால் கவுன்சில் விதியில் இரண்டு வருட ஏ.என்.எம். (துணை நர்ஸ், பிரசவ உதவிப் படிப்பு), மூன்று வருட ஜி.என்.எம். (பொது நர்சிங் டிப்ளமோ) இரண்டுக்கும் மற்ற குரூப் படித்தவர்களும் வரலாம். ஜி.என்.எம்.முக்கு மொத்தத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே 40 சதவீதம் தேவை. ஜி.என்.எம். முடித்தவர்கள் பின்னாளில் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படித்து பட்டம் வாங்க வழி இருக்கிறது.

ஆறு மாத நர்சிங், ஒரு வருட லேப் டெக்னீஷியன், வேலை உத்தரவாதம் என்று பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுத்தார்கள். 30,000 ரூபாய்தான்.
*மீனாட்சிபுரம்*

கட்டாதீர்கள். ஆறு மாதத்தில் யாரும் நர்ஸ் ஆக முடியாது. மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் நர்ஸ், இந்தச் சான்றிதழை அங்கே வாங்கவே மாட்டார்கள். லேப் படிப்புக்கும் அதுதான் நிலை. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழிலாளர் சட்டப்படி டிப்ளமோவோ பட்டமோ குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டிலிருந்து நான்கு வருடத்துக்குள் படித்ததாக இருக்க வேண்டும். ஒரு வருடப் படிப்பு அந்தக் கணக்கில் எப்படி நிற்கும்? நன்றாகப் படிக்கிற ஏழைப் பிள்ளைகளைத்தான் இந்த நோட்டீஸ் தேடி வருகிறது. அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. 30,000 ரூபாயைவிட அந்தப் பிள்ளையின் ஒரு வருடம் பெரிது.

ஒரு கல்லூரியில் பணம் கட்டி ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டோம். இப்போது மெரிட்டில் வேறு இடம் கிடைத்திருக்கிறது. மொத்தப் பணமும் கட்டினால்தான் டி.சி. தருவோம் என்கிறார்கள்.
*பாலக்காடு*

சான்றிதழைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. பட்டப்படிப்பு என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் உங்கள் பக்கம் நிற்கின்றன. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். அதில் 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல், பிடித்துக்கொள்ளலாம். கடைசித் தேதிக்கு 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் 90 சதவீதம். தேதி தாண்டி 15 நாள் வரை 80 சதவீதம், 16-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரை 50. அதற்கும் மேல் போனால் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு நாளும் உங்களுக்குக் காசு. இன்றைக்கே விலகல் கடிதம் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் முதல்வருக்கு அனுப்புங்கள், நகலைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் அனுப்புங்கள். வாய்ப்பேச்சாகப் போய்க் கெஞ்ச வேண்டாம்.

கல்விக் கடன் கிடைக்குமா?
*கொல்லங்கோடு*

கிடைக்கும். 4 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம், உங்கள் பங்குப் பணமும் வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஒரு வருடத்துக்கும் மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு. ஆனால் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்க வேண்டும். முதல் பதிலில் சொன்ன அந்த வருடவாரிக் கடிதத்தை வங்கி மேலாளரும் கேட்பார்.

பொள்ளாச்சிக்காரி நான். பாலக்காட்டில் சீட் கிடைத்திருக்கிறது. மலையாளம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?
*மாணவி*

பாடமும் தேர்வும் ஆங்கிலம்தான், அதனால் வகுப்பறையில் கவலை இல்லை. வார்டில்தான் மலையாளம் வேண்டும். நோயாளி "பனி" என்றால் அவருக்குக் காய்ச்சல், குளிர் என்று நினைத்துப் போர்வை தேடாதே! "தலகறக்கம்" தலைசுற்றல், "சர்தி" வாந்தி. ஒரு சின்ன நோட்டு போட்டு தினம் பத்துச் சொல் எழுதி வா. வார்டைச் சுத்தம் செய்யும் அக்காமார் பலர் நம் எல்லைப்பக்கத்தவர்கள், இரண்டு மொழியும் பேசுவார்கள். முதல் மாதம் அவர்களிடம் கேட்டுக்கொள், கூச்சப்படாதே.