பெரானின் மலைகள் ஏன் அவ்வளவு உயரம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

யெல்லோஸ்டோன் பூங்காவை மேலிருந்து பறவை பார்ப்பதுபோல் ஓவியமாகக் காட்டும் பழைய பனோரமா வரைபடம் ஒன்று கைக்கு வந்தது. ஓவியர் ஹைன்ரிக் பெரான். வெளியீடு அமெரிக்காவின் தேசியப் பூங்கா சேவை. சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால் தூரமும் உயரமும் பொருந்தவே இல்லை. இதைத் தவறான படம் என்று ஒதுக்கிவிடலாமா? அசல் அச்சுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓரம் கிழிந்திருக்கிறது, லேமினேட் செய்யலாமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

லேமினேட் மட்டும் வேண்டாம். சூட்டில் உருகும் பசை காகித இழைகளுக்குள் இறங்கிவிட்டால், சேதமில்லாமல் பிரித்தெடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

பொருந்தாமை பெரான் தெரிந்தே செய்தது. 1915இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் பிறந்தவர். 1930களில் அந்நாட்டின் கிராஸ்குளோக்னர் மலைச்சாலைக்கு வரைந்த படத்தோடு இத்துறைக்குள் வந்தார். பூங்கா சேவைக்காக 1987 முதல் 1994 வரை நார்த் கேஸ்கேட்ஸ், யோசெமிட்டி, யெல்லோஸ்டோன், டெனாலி என நான்கு பனோரமாக்கள் வரைந்தார். யெல்லோஸ்டோன் 1991.

அவர் நிலத்தையே வளைத்துவிடுவார். படத்தின் கீழ்ப்பகுதியை உயரத்திலிருந்து குனிந்து பார்க்கிறோம். மேலே போகப்போகப் பார்வை சாய்ந்து, தொடுவானத்தை நேராகப் பார்க்கிறோம். ஒரே கோணத்தில் வரைந்திருந்தால் முன்னால் நிற்கும் மலை பின்னாலிருக்கும் பள்ளத்தாக்கையும் சாலையையும் மறைத்துவிடும். மேலிருந்தே முழுக்க வரைந்தால் வானமும் சிகர வரிசையும் கிடைக்காது. இரண்டும் வேண்டுமென்றால் அளவுகோலைக் கைவிட்டே ஆக வேண்டும். அதனால் இந்தப் படத்தில் ஸ்கேல் வைத்து நடைதூரம் கணக்கிடாதீர்கள். எந்த ஏரிக்கு அந்தப் பக்கம் எந்த மலை, ஆறு எந்த வழியாக இறங்குகிறது என்று மனதில் பதித்துக்கொள்ள இதைவிட நல்ல படம் கிடையாது.

உயரத்தையும் கூட்டுவார். செங்குத்து அளவை இரண்டு மடங்காக்கினால் 30 பாகைச் சரிவு 49 பாகையாகத் தெரியும். 10 பாகை 19 ஆகும். மலையேற்றத்துக்கு முன் சரிவை மதிப்பிட இதை நம்பினால் ஏமாற்றம்தான். பள்ளத்தாக்குகளை அகலப்படுத்துவது, சிகரம் அடையாளம் தெரியும்படி மலையைச் சற்றே திருப்பி வைப்பது என்று மற்ற மாற்றங்களும் உண்டு. அவற்றை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். புதிதாக வருபவர் தன் கண்ணால் காணப்போகும் மலையை அவர் முன்கூட்டியே அறிமுகப்படுத்துகிறார்.

அசலா என்பதற்கு 10 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ் போதும். அச்சகங்களில் தகடு வைத்து அச்சிடும் ஆஃப்செட் முறையில் வண்ணப் புள்ளிகள் பெரும்பாலும் ஒழுங்கான வரிசையில், சிறு பூவிதழ் வட்டங்களாகத் தெரியும். மை தெளிக்கும் இன்க்ஜெட் பிரிண்டரில் ஒழுங்கின்றித் தெறித்திருக்கும். பூங்கா சேவை இந்த ஓவியங்களின் உயர்தரக் கோப்புகளை இணையத்தில் இலவசமாகவே தருவதால் வீட்டுப் பிரதிகள் ஏராளம். ஆனால் ஆஃப்செட் என்றாலே முதல் பதிப்பு என்று ஆகிவிடாது, மறுபதிப்பும் அப்படி வரலாம். ஓரத்தில் ஆண்டோ அச்சுக் குறிப்போ இருக்கிறதா பாருங்கள்.

கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை மஞ்சளாகிக் கறையாக ஊறும். பூச்சில்லாத காகிதம் என்றால் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தை 1 செ.மீ. அகலத்துக்குக் கையால் கிழித்து, கோதுமை ஸ்டார்ச் பசையை மிகக் குறைவாகத் தடவிப் பின்புறம் ஒட்டி, மையொற்றுத் தாளுக்கு நடுவே பாரம் வைத்து உலர்த்தலாம். பசை கூடினால் காகிதம் நெளியும். பளபளப்புக் காகிதம் என்றால் ஈரத்தில் மேற்பூச்சே கிளம்பிவிடக்கூடும், பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஃபிரேம் போடுவதானால் அமிலமற்ற அட்டை, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, வெயில் படாத சுவர். வெளிச்சத்தில் பெரும்பாலும் மஞ்சளும் மெஜந்தாவும்தான் முதலில் வெளிறும், படம் முழுக்க நீலம் பாரித்துவிடும்.