மானியம் வண்டிக்கா, மிச்சமாகும் டீசலுக்கா?

சாலைப் போக்குவரத்தின் கார்பன் உமிழ்வைக் குறைக்க அரசுகள் தரும் நிதி பற்றி வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: ஒரு லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோகூட இல்லை. அது எரிந்தால் இரண்டரை கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும் என்று நிதிக் கணக்குகளில் போடுகிறார்களே, எப்படி?

பதில்: சரியாகத்தான் போடுகிறார்கள். லிட்டர் டீசல் சுமார் 840 கிராம். அதில் கார்பன் மட்டும் 720 கிராம். எரியும்போது 12 பங்கு கார்பன், காற்றிலிருந்து 32 பங்கு ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு 44 பங்காகிறது. 720ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்துப் பாருங்கள்: 2.64 கிலோ. பெட்ரோலுக்கு இது 2.3 கிலோ.

கேள்வி: மின்சாரமே நிலக்கரியில் வரும்போது மின்பேருந்துக்கு மானியம் கொடுத்து என்ன பயன்?

பதில்: நியாயமான சந்தேகம். நெரிசலில் லிட்டருக்கு 3 கி.மீ. ஓடும் டீசல் பேருந்து, கிலோமீட்டருக்கு 0.88 கிலோ உமிழ்கிறது. அதே தடத்தில் மின்பேருந்துக்கு 1.2 யூனிட் வேண்டும். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் 1.33 யூனிட். நிலக்கரி பெரும்பங்கு வகிக்கும் மின்சாரத்தில் யூனிட்டுக்கு 0.7 கிலோ உமிழ்வு என்றால் 0.93 கிலோ வருகிறது. கார்பன் கணக்கில் லாபமே இல்லை! அதுவே தூய்மையான மின்சாரத்தில் யூனிட்டுக்கு 0.2 கிலோ என்றால் 0.27தான். கச்சா எண்ணெயை எடுத்துச் சுத்திகரிக்கும் உமிழ்வைச் சேர்த்தால் டீசல் கணக்கு ஐந்தில் ஒரு பங்கு ஏறும். ஆனால் நிலக்கரி வெட்டுவதற்கும் அப்படிச் சேர்த்தாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சேர்ப்பது ஏமாற்று.

இருசக்கர வண்டியில் கதை வேறு. லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் வண்டி கிலோமீட்டருக்கு 51 கிராம் உமிழும். மின்வண்டிக்கு, அதே நிலக்கரி மின்சாரத்திலும், சுமார் 23 கிராம்தான். ஆகவே மின்சாரம் தூய்மையாகும் வரை சிறு வண்டிகளுக்கு நிதியை முன்னால் கொடுப்பது புத்திசாலித்தனம்.

கேள்வி: எங்கள் பணிமனைக்கு 20 மின்பேருந்துகள் வாங்க நிதி கேட்கப் போகிறோம். எங்கே சறுக்கும்?

பதில்: பெரும்பாலும் மின் இணைப்பில். பேருந்துக்கும் சார்ஜருக்கும் பணம் கேட்டுவிட்டு, டிரான்ஸ்பார்மரையும் கேபிளையும் மறந்துவிடுவார்கள். பேருந்துக்கொரு 60 கிலோவாட் சார்ஜர் வைத்து, இரவு எல்லா வண்டியையும் ஒரே நேரத்தில் செருகினால் 1,200 கிலோவாட் இழுக்கும். நாளுக்கு 165 கி.மீ. ஓடும் பேருந்துக்குத் தேவை 200 யூனிட். 20 பேருந்துக்கு 4,000 யூனிட்டையும் எட்டு மணி நேரத்தில் முறைவைத்து ஏற்றினால், இழப்பு உட்பட 550 கிலோவாட் போதும். முறைவைக்கும் மென்பொருளையும் விண்ணப்பத்திலேயே கேளுங்கள். பெரிய டிரான்ஸ்பார்மரைவிட மலிவு. மின் இணைப்புக்கு முதலில் விண்ணப்பியுங்கள். வண்டி வந்து இணைப்பு வராமல் போனால், பேட்டரி நின்றபடியே முதுமை அடையும்.

அடுத்து, அடிப்படைக் கணக்கு, அதாவது நிதி வருமுன் எவ்வளவு உமிழ்ந்தீர்கள் என்பது. தயாரிப்பாளர் சொல்லும் மைலேஜ் வேண்டாம். அதே தடத்தின் 12 மாத டீசல் பில்லும் ஓடோமீட்டர் பதிவும் வையுங்கள். கோடையில் ஏசி தின்னும் டீசல் அதில்தான் தெரியும். சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கிய மாற்றத்தை நிதியால் வந்த குறைப்பாகக் காட்டாதீர்கள்.

பழைய வண்டியை என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். விற்றால் புகை வேறு ஊருக்குக் குடிபோகும், அவ்வளவுதான். 2009இல் அமெரிக்கா பழைய கார்களை ஒழிக்கப் பணம் தந்தபோது, எஞ்சினில் சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, இறுகி நிற்கும்வரை ஓடவிட வேண்டும் என்று விதித்தது.

கேள்வி: நிதி என்றால் ரொக்கமாகத்தான் தருவார்களா?

பதில்: இல்லை. நார்வே 2001இல் மின்கார்களுக்கு மதிப்புக்கூட்டு வரியை நீக்கியது. சொகுசுக் கார்களுக்கும் சலுகை போனதால், 2023இல் விலையில் 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் வரி திரும்ப வந்தது.

கேள்வி: மானியத்தை வாங்கிக்கொண்டு வண்டியை ஓட்டாமல் நிறுத்தினால்?

பதில்: சீனாவில் அதைவிட மோசமாகவே நடந்தது. ஐந்து நிறுவனங்கள் 100 கோடி யுவானுக்கு மேல் முறைகேடாகப் பெற்றதை 2016இல் நிதி அமைச்சகம் கண்டுபிடித்தது. அதன்பின், தனிநபர் அல்லாதவர் வாங்கும் வண்டி 30,000 கி.மீ. ஓடிய பிறகே மானியம் என்றார்கள். 2018இல் அதை 20,000ஆகக் குறைத்தார்கள். ஓடிய தூரத்துக்குக் காசு என்பது நல்ல விதிதான். ஆனால் அதுவரை வண்டியின் முழு விலைக்கும் வட்டி கட்டுவது சிறு நிறுவனங்களுக்கு முடியாத காரியம். பாதியை முன்பணமாகத் தருவது மேல்.