காய்ச்சலடித்த வாரத்தில் கொழுப்பை அளக்காதீர்கள்: அழற்சியும் இரத்தக் கொழுப்பும் (கேள்வி பதில்)

முப்பது ஆண்டுகள் உயிர்வேதியியல் ஆய்வகத்தில், இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் துகள்களான லிப்போபுரதங்களோடு குடித்தனம் நடத்தியவள் நான். மருத்துவர் அல்ல; மருந்துச் சீட்டு எழுத மாட்டேன். தொற்றோ காயமோ மூட்டழற்சியோ வந்தால் இரத்தக் கொழுப்பு ஏன் தடம் மாறுகிறது என்று கேளுங்கள், விடிய விடியச் சொல்கிறேன். சமையல் எண்ணெயைப் பற்றிக் கேட்டால் ஒரு வரிதான் கிடைக்கும்.

மதுரை வாசகர்: அம்மா, டெங்குவில் ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தேன். வீடு திரும்பிய மறுநாளே முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். எப்போதும் 210 காட்டும் மொத்தக் கொலஸ்ட்ரால் இப்போது 128. பப்பாளி இலைச் சாறு குடித்ததன் பலன் என்கிறார் அண்ணன். கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். அண்ணனிடம் சொல்லுங்கள், அந்தப் புகழ் பப்பாளிக்குச் சேராது, டெங்குவுக்கே சேரும். கடும் தொற்று வந்தால் மனிதருக்கு எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்), எச்டிஎல் (‘நல்ல’ கொலஸ்ட்ரால்) இரண்டும் இறங்கும். டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு பெரும்பாலும் ஏறும். உங்கள் அறிக்கையில் டிரைகிளிசரைடு வரியைப் பாருங்கள், ஏறியிருந்தால் வியப்பில்லை. உடம்பு தேறியதும் பழைய 210 தானாகத் திரும்பி வரும். குறைந்தது ஆறு வாரம், பெரிய நோய் என்றால் மூன்று மாதம் கழித்து அளப்பதே கணக்கு. மாரடைப்பு வந்தவர்களுக்கும் இதே கதைதான். அதனால்தான் முதல் 24 மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்துவிடப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு எடுத்தால் எல்டிஎல் பொய்யாகக் குறைந்திருக்கும்.

முதுகலை மாணவர்: அம்மா, எங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பத்திதான் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

வாருங்கள் தம்பி, இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அந்தோணி செராமி என்பவர், தூக்க நோய் வகையைச் சேர்ந்த ஒட்டுண்ணி தொற்றிய முயல்களைக் கவனித்தார். முயல்கள் எலும்பும் தோலுமாக மெலிகின்றன. இரத்தத்திலோ கொழுப்பு வழிகிறது. ஆய்வகத்தில் இதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த சீரம் இளமஞ்சளாக இருக்கும், இந்தச் சீரம் தண்ணீர் கலந்த பால் மாதிரி இருக்கும். குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் சாப்பாட்டிலிருந்து வந்த கொழுப்பு ஏடு கட்டி மேலே மிதக்கும். கல்லீரல் அனுப்பிய விஎல்டிஎல் துகள்கள் என்றால் ஏடு கட்டாது, அடிவரை கலங்கியே நிற்கும். பல லட்ச ரூபாய்க் கருவி சொல்வதை ஒரு கண்ணாடிக் குழாய் சொல்லிவிடும்.

கொழுப்பை இரத்தத்திலிருந்து இறக்கித் திசுக்களுக்குக் கொடுக்கும் லிப்போபுரத லைப்பேஸ் நொதியை ஏதோ ஒரு புரதம் முடக்குகிறது என்று செராமி குழு கண்டது. உடலை உருக்குவதால் அதற்குக் கேகெக்டின் என்று பெயர். 1985-இல் அதே குழுவிலிருந்த புரூஸ் பியூட்லரும் மற்றவர்களும், இதுவும் புற்றுக்கட்டியைக் கரைப்பதாகப் பேசப்பட்ட டிஎன்எஃப்-உம் ஒன்றே என்று காட்டினார்கள்.

அடுத்த திருப்பம் சான்பிரான்சிஸ்கோவில். கென்னத் ஃபைன்கோல்ட், கார்ல் குரூன்ஃபெல்ட் இருவரும் எலிக்கு டிஎன்எஃப் ஊசி போட்டார்கள். ஓரிரு மணி நேரத்திலேயே டிரைகிளிசரைடு ஏறியது. காரணம் லைப்பேஸ் முடக்கம் அன்று. கல்லீரல் கூடுதல் ஷிப்ட் ஓடியது. பாக்டீரியா உறையிலுள்ள என்டோடாக்சின் நச்சைச் சிறிய அளவில் கொடுத்தாலும் இப்படித்தான், உற்பத்தி கூடுகிறது. பெரிய அளவில் கொடுத்தால்தான் அகற்றுவது தடைபடுகிறது. சரக்கு தேங்குவதற்கு ஆலையும் காரணமாகலாம், கடை மூடியதும் காரணமாகலாம். எது எப்போது என்று பிரித்துக் காட்டியது இவர்கள் வேலை.

அது எய்ட்ஸ் நகரத்தை உலுக்கிய காலம். நோயாளிகளுக்கு டிரைகிளிசரைடு எகிறியிருந்தது, உடலும் உருகியது. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். குரூன்ஃபெல்ட் குழு அளந்து பார்த்தபோது டிரைகிளிசரைடு ஏற்றம், வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாவோடு கைகோத்துப் போனது. எடை இழப்போடு போகவில்லை. டிரைகிளிசரைடு ஏறியபடியே எடை நிலையாக இருந்தவர்களும் உண்டு. எடை சரிந்தது, பெரும்பாலும் வேறொரு தொற்று வந்து தாக்கியபோது. மூட்டை மூட்டையாகத் தரவு சேர்த்து, கண்ணுக்கு எடுப்பாகத் தெரிந்த விளக்கத்தை வீழ்த்திய வேலை என்பதால் எனக்கு இதன்மீது தனி மதிப்பு.

இன்னொன்று. 1990-இல் இவர்கள் குழு, மனித இரத்தத்து விஎல்டிஎல்லை என்டோடாக்சினோடு கலந்து சுண்டெலிகளுக்குக் கொடுத்தது. நச்சு மட்டும் பெற்றவை செத்தன. கலவை பெற்றவை பெரும்பாலும் பிழைத்தன. நச்சுக்கு ஒரு கொழுப்பு முனை உண்டு. அதை லிப்போபுரதம் தனக்குள் செருகி அடக்கிவிடுகிறது. ஆக, தொற்றின்போது கொழுப்பு ஏறுவது வெறும் கோளாறாக இல்லாமல், தற்காப்பின் ஒரு பகுதியாகவும் இருக்கலாம்.

நெல்லை வாசகி: செக்கு எண்ணெய் அழற்சியைக் குறைக்குமா?

முன்பே சொன்னேன். உணவியல் நிபுணரைக் கேளுங்கள்.

அதே மாணவர்: எலியில் தொற்றின்போது கொலஸ்ட்ரால் ஏறுகிறது என்று படித்தேன். மனிதனுக்கு இறங்குகிறது என்கிறீர்களே?

இரண்டும் உண்மை. கொறித்துண்ணிகளின் கல்லீரலில் அழற்சி சமிக்ஞை வந்ததும் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் நொதி கூடுகிறது. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றும் நொதி குறைகிறது. வரவு கூடி செலவு குறைந்தால் இருப்பு ஏறத்தானே வேண்டும்? குரங்கிலும் மனிதரிலும் எல்டிஎல், எச்டிஎல் இரண்டும் இறங்குகின்றன. டிரைகிளிசரைடு மட்டும் எல்லோருக்கும் ஒரே திசையில் போகிறது. எலித் தரவை வைத்து மனிதருக்குத் தீர்ப்பு எழுதும் கட்டுரையைக் கண்டால் எந்த விலங்கு, எந்தக் கொழுப்பு என்று முதலில் பாருங்கள்.

கோவைப் பொறியாளர்: வணக்கம் அம்மா. நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். கொலஸ்ட்ரால் தீயணைப்பு வண்டி. தீப்பிடித்த இடத்தில் வண்டி நிற்கிறது என்பதற்காக வண்டிதான் கொளுத்தியது என்பது என்ன நியாயம்? அழற்சிதான் குற்றவாளி. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வெறும் மருந்து வியாபாரம்.

இந்த உவமை என்னிடம் வருவது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். நான் சொன்னது சில நாள் தொற்றைப் பற்றி. மாரடைப்பு முப்பது, நாற்பது ஆண்டுகளில் கட்டப்படும் வீடு. அழற்சியே இல்லாமல் எல்டிஎல் மட்டும் வேறுபட்டால் என்ன ஆகும் என்று இயற்கையே சோதனை நடத்திக் காட்டியிருக்கிறது. எல்டிஎல்லை ஏற்றும் பிசிஎஸ்கே9 மரபணு பழுதான அமெரிக்கக் கறுப்பினத்தவர் சிலருக்குப் பிறவியிலிருந்தே எல்டிஎல் 28 சதவீதம் குறைவு. ஜோனதன் கோஹன், ஹெலன் ஹாப்ஸ் குழு 2006-இல் வெளியிட்ட கணக்கில் அவர்களுக்கு இதய நாள நோய் 88 சதவீதம் குறைவு. அந்தக் குறைவு பிறவியிலேயே வந்தது, மாத்திரையால் அன்று; இதில் வியாபாரமும் இல்லை.

அம்பத்தூர் வாசகர்: தினமும் மஞ்சள் பால் குடித்தால், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி குறையுமா?

பால் நல்லது. அடுத்தது.

கோவைப் பொறியாளர்: அப்படியென்றால் அழற்சியைக் குறைத்தால் ஒன்றும் ஆகாதா? 2017-இல் ஓர் ஆய்வில் எல்டிஎல்லைத் தொடாமலேயே மாரடைப்பு குறைந்ததே.

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள், மகிழ்ச்சி. அது கேன்டோஸ். பால் ரிட்கர் என்ற இதய மருத்துவர் நடத்தியது. 10,061 பேர், எல்லோரும் மாரடைப்பு வந்து மீண்டவர்கள், சிஆர்பி 2-க்குக் கீழே இறங்காதவர்கள். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டா புரதத்தைத் தடுக்கும் கேனகினுமாப் மருந்து, 150 மில்லிகிராம் ஊசி, மூன்று மாதத்துக்கு ஒன்று. எல்டிஎல் அசையவில்லை, மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்த்து 15 சதவீதம் குறைந்தது. அழற்சி வெறும் வேடிக்கை பார்ப்பவன் இல்லை என்று இதன்மூலம் மெய்ப்பித்தார்கள். நீங்கள் விட்டுவிட்ட வரி ஒன்று உண்டு: உயிர் பறித்த தொற்றுகள் கூடின, மொத்த மரணத்தில் வேறுபாடு இல்லை. நீங்கள் விட்டுவிட்ட இன்னொரு வரி: அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். அதோடு, அழற்சி என்று பொதுவாகச் சொன்னால் போதாது. மூட்டழற்சிக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் கொடுத்த அடுத்த ஆய்வில் பலன் ஏதும் இல்லை. கோல்சிசின் என்ற இன்னொரு அழற்சி மருந்து 2019-இலும் 2020-இலும் பலன் தந்தது. 2024-இல் மாரடைப்பு வந்த சூட்டோடு கொடுத்த பெரிய ஆய்வில் தரவில்லை.

ஈரோடு வாசகி: முட்டை மஞ்சள் கரு...

இல்லை அம்மா, இன்று இல்லை.

புதுச்சேரி வாசகி: என் தாயாருக்கு முடக்குவாதம். டோசிலிசுமாப் போட்ட பிறகு வலி போய்விட்டது, ஆனால் எல்டிஎல் 104-இலிருந்து 141. மருந்து இதயத்தைக் கெடுக்கிறதா?

இது நல்ல கேள்வி. முடக்குவாதம் தீவிரமாக இருக்கும்போது எல்டிஎல் குறைவாகத் தெரியும், மாரடைப்பு ஆபத்தோ கூடுதல். இந்த முரணுக்கு லிப்பிட் புதிர் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அழற்சி நேரத்தில் உடல் கொலஸ்ட்ராலை இரத்தத்திலிருந்து வேகமாக அகற்றித் தள்ளுகிறது. அழற்சி அடங்கினால் அந்த வேகம் தணிந்து அளவு ஏறுகிறது. அதனால் 141-ஐ மருந்து புதிதாகக் கொண்டுவந்தது என்பதைவிட, நோய் மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தது என்று கொள்வதே பொருத்தம். இதே மருந்தை இன்னொரு மூட்டழற்சி மருந்தான எடானர்செப்டோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில், எல்டிஎல் ஏறியும் இதய நிகழ்வுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் 141 என்பது 141தான். அதற்கு என்ன செய்வது என்று வாதநோய் மருத்துவரிடம் கேளுங்கள், ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தஞ்சை வாசகர்: தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், எச்டிஎல் 34-ஐத் தாண்டவில்லை. ஏற்ற மருந்து உண்டா?

ஏற்றிப் பார்த்தார்கள். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை ஏற்றியது. மருந்து சாப்பிட்டவர்களிடையே இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் ஆய்வையே நிறுத்தினார்கள். எண்ணைவிடத் துகளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதே முக்கியம். தொற்றின்போது கல்லீரல் சீரம் அமிலாய்டு ஏ என்ற புரதத்தை ஆயிரம் மடங்கு வரைக்கும் கூட்டித் தள்ளும். அது எச்டிஎல்லில் ஏறி, ஏற்கெனவே இருந்த அப்போ ஏ-1 புரதத்தை இறக்கிவிட்டு இடம் பிடிக்கும். கூட்டமான பஸ்ஸில் முழங்கையால் இடித்து ஏறுபவன் மாதிரி. பஸ் அதேதான், ஆனால் செல்களிலிருந்து கொலஸ்ட்ராலை வாங்கிவரும் திறன் சரிந்துவிடும். நடையை விடாதீர்கள். சர்க்கரை, தொப்பை, புகை மூன்றையும் மருத்துவரிடம் பேசுங்கள்.

சேலம் வாசகர்: வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. டிரைகிளிசரைடு 440-ஐத் தாண்டியிருந்தால் வெறும் வயிற்றில் மறுபடி எடுங்கள்.

ஓசூர் வாசகர்: டைபாய்டு முடிந்து பத்து நாள் ஆகிறது. கொலஸ்ட்ரால் 119. மாத்திரை...

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். தலைப்பையாவது படியுங்கள்.

கோவைப் பொறியாளர்: கடைசியாக ஒன்று. வாதத்துக்காகப் பேசவில்லை. என் அறிக்கையையே தருகிறேன்: எல்டிஎல் 188, சிஆர்பி 38. அழற்சி இவ்வளவு இருக்கும்போது 188 வந்தது அதனால்தானே? அழற்சியைச் சரிசெய்தால் எல்டிஎல் தானாக இறங்காதா?

இவ்வளவு நேரம் சண்டை போட்டுவிட்டு இப்போதுதான் அறிக்கையைக் காட்டுகிறீர்களா? சிஆர்பி 38 என்பது இதய நாள அழற்சி காட்டும் அளவு அன்று. அங்கே 2, 3 என்றுதான் பேசுவோம். 38 என்றால் பெரும்பாலும் உடம்பில் வேறெங்கோ தொற்றோ வேறு அழற்சியோ இருக்கும். இரத்தம் கொடுத்த வாரம் காய்ச்சல் இருந்ததா?

கோவைப் பொறியாளர்: இருந்தது. நெஞ்சுச் சளி, நான்கு நாள் காய்ச்சல். மருத்துவமனைக்குப் போன கையோடு இதையும் எடுத்துக்கொண்டேன்.

அப்படியென்றால் தொற்று எல்டிஎல்லைக் கீழே இழுத்த பிறகும் 188. உங்கள் அசல் எண் அதற்கும் மேலே இருக்கலாம். ஆறு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். தந்தைக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருக்கிறதா என்று வீட்டில் கேட்டு வையுங்கள்; மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.