ஊட்டிக் குளிரில், ஓவன் இல்லாமல், சூடான சீஸ் டிப் செய்வது எப்படி?

டிசம்பர் மாலை, ஊட்டியில் வீட்டிலேயே விருந்து, பத்துப் பேர் வருகிறார்கள், ஓவன் இல்லை, போன முறை செய்த டிப் (தொட்டுச் சாப்பிடும் கெட்டிச் சாஸ்) மேசைக்கு வந்ததுமே இறுகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் குன்னூர். இங்கேயும் அதே குளிர்தான். ஓவனைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

வெறும் சீஸை உருக்கி வைத்தால் இந்தக் குளிரில் இறுகத்தான் செய்யும். அதனால் வெண்ணெய், மைதா, பால் சேர்த்துக் கிளறும் ஒயிட் சாஸை அடிப்படையாக வைத்துக்கொண்டு, சீஸைச் சுவைக்கு மட்டும் சேர்ப்பதே நல்லது. மைதாவின் மாவுச்சத்து சீஸிலிருந்து நெய் பிரிந்து மேலே மிதக்காமலும் பிடித்துக்கொள்ளும்.

பத்துப் பேருக்கு ஒரு பெரிய கட்டு பாலக்கீரை போதும். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, ஆறியதும் இரண்டு கையாலும் நன்றாகப் பிழியுங்கள். இதில் மட்டும் சோம்பல்படாதீர்கள். கீரையில் தண்ணீர் நின்றால் டிப் நீர்த்துப்போகும். பிழிந்த கீரையைப் பொடியாக நறுக்கி வையுங்கள்.

பூண்டு கண்டிப்பாக மலைப்பூண்டாக இருக்கட்டும். சந்தையில் காரமும் மணமும் தூக்கலாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஒரு முழுப் பூண்டைத் தோலோடு தோசைக்கல்லில் மூடிபோட்டு, சிறு தீயில் திருப்பித் திருப்பிச் சுட்டால் உள்ளே வெண்ணெய் மாதிரி குழைந்துவிடும். பச்சைப் பூண்டைப் போட்டால் அந்தக் காரம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். சுட்ட பூண்டில் ஒரு இனிப்பு வருகிறது, எனக்கு இந்த டிப்பே அதற்காகத்தான்.

அடிகனமான வாணலியில் மூன்று மேசைக்கரண்டி வெண்ணெய், அதே அளவு மைதா. சிவக்கவிடாமல் பச்சை வாசம் போகும்வரை வறுத்து, இரண்டு கப் வெதுவெதுப்பான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். கெட்டியானதும் பூண்டை மசித்துப் போட்டு, கீரை, மிளகுத்தூள், துளி ஜாதிக்காய் சேர்க்கலாம். (பர்லியார் பக்கம் போனால் ஜாதிக்காய் வாங்கி வையுங்கள், அங்கேயே விளைவது.) அடுப்பை அணைத்த பிறகுதான் சீஸ். 100 கிராம் சாதாரண கட்டிச் சீஸும் (பிராசஸ்டு சீஸ்) 50 கிராம் செடாரும் துருவிப் போடுகிறேன். முழுக்கச் செடார் போட்டால் மணம் அபாரம், ஆனால் மறுபடி சூடாக்கும்போது பிரிந்துபோகும். கட்டிச் சீஸில் கொழுப்பையும் நீரையும் சேர்த்துப் பிடித்துவைக்கும் உருக்கும் உப்புகள் இருப்பதால் பிரியாது. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், சீஸிலேயே நிறைய இருக்கிறது. புளிப்பு வேண்டுமென்றால் கெட்டித் தயிர் இரண்டு கரண்டி, அதுவும் அடுப்பை அணைத்த பின். கொதித்தால் திரிந்துவிடும்.

இறக்கும்போது இட்லி மாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கட்டும். ஆற ஆறத் தானாகவே இறுகும்.

சரி, சூடு. கொதிநீர் ஊற்றி வைத்திருந்த மண்சட்டியைத் துடைத்து, டிப்பை அதில் மாற்றுங்கள். அந்தச் சட்டியைச் சுடுநீர் நிரம்பிய அகலப் பாத்திரத்துக்குள் வைத்து மேசையில் வையுங்கள். நீர் ஆறினால் மாற்றிவிடலாம். பாதியை ஹாட்பாக்ஸில் வைத்துக்கொண்டு சட்டி காலியாகக் காலியாக நிரப்புவது இன்னும் சுலபம். இறுகினால் சூடான பால் ஒரு கரண்டி விட்டுக் கிளறுங்கள், பச்சைப் பால் வேண்டாம்.

தொட்டுக்கொள்ள ஊட்டி கேரட்டும் சிறு உருளைக்கிழங்கும். உருளைக்கிழங்கைக் குக்கரில்தான் வேகவைக்க வேண்டும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் வேக நேரமாகும். வர்க்கியும் (ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட்) வையுங்கள், உப்பும் லேசான இனிப்புமாகப் பிரமாதமாகச் சேரும். ஆனால் முக்கினால் உதிர்ந்துவிடும், டிப்பைக் கரண்டியால் மேலே வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ரொட்டியில் தடவி தோசைக்கல்லில் மூடிபோட்டுச் சுடுங்கள். குழந்தைகள் வருவதாக இருந்தால் மிளகைக் குறைத்து, மிளகுத்தூளைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்துவிடலாம்.